கிருபாவை அழைத்துவரப் போன பங்குனி

சாயர்புரத்துக்காரன் ஒருவன் திருப்பதிக்கு ரயில் ஏறினால் ஊர் சும்மா இருக்குமா? தேவாலய வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். "என்ன, நம்ம சண்டே ஸ்கூல் ஸார் மொட்டை போடப் போறியளாக்கும்?" என்றார் ஒருவர். "அவருக்கு அங்க போய் எடுக்க என்ன இருக்கு?" என்று என் வழுக்கையைப் பார்த்தார் இன்னொருவர். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன். விஷயம் இதுதான்: என் மகள் கிருபாவுக்கு வளைகாப்பு. அவளைக் கட்டிக் கொடுத்த இடம் ஆந்திராவில் நகரி, திருப்பதியில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். வளையல் போட்ட கையோடு பெண்ணைத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர்கள் பக்கத்திலும் அப்படித்தான். திரும்பும்போது இரண்டு பேராக வருவோம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி, அவள் அறைக்கு வெள்ளையடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

தாய்வீடு என்று பெயர்தான். அங்கே தாய் இல்லை. என் மனைவி ரூபி போய் இரண்டு ஐப்பசி ஆகிவிட்டது. அதிலிருந்து நானும் என் உரக்கடையும்தான். காலையில் கடையைத் திறக்கிறேன், மாலையில் பூட்டுகிறேன், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். கிருபா வந்து நாலைந்து மாதம் இருந்தால் வீட்டில் மறுபடி தாளிக்கிற வாசனை வரும், கொடியில் சின்னத் துணிகள் காயும் என்று நான் நினைத்து நினைத்துப் பூரித்துப் போயிருந்தேன். ஆனால் போனில் கேட்கும்போதெல்லாம் அவள் "பாக்கலாம்ப்பா" என்றுதான் சொன்னாள். அந்தப் "பாக்கலாம்" போனை வைத்த பிறகும் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அதில் ஒரு போதனை தென்படும். மழை பெய்தால் ஒன்று, பெய்யாவிட்டால் ஒன்று. "உங்களுக்குத் தோசை கருகினாலும் ஒரு பிரசங்கம் கிடைச்சிரும்" என்பாள் ரூபி. பயணத்தில் அந்த வியாதி இன்னும் முற்றிவிடும்.

திருப்பதியில் இறங்கியதுமே ஆரம்பித்துவிட்டது. ஸ்டேஷன் எதிரே ஒரு கடையில் பெசரட்டு சாப்பிட்டேன். பாசிப்பயற்றில் வார்த்த தோசை, உள்ளே உப்புமா, தொட்டுக்கொள்ள இஞ்சிச் சட்னி. தோசைக்குள் உப்புமாவை வைப்பவர்களை எங்கள் ஊரில் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். ஆனால் நான் இரண்டாவதும் வாங்கினேன். எதிர் மேசையில் ஒரு குடும்பம், எல்லோரும் புது மொட்டை, தலையெல்லாம் சந்தனம். தாயும் முடி கொடுத்திருந்தாள். அவள் கைக்குழந்தை அவளிடம் போக மாட்டேன் என்று வீறிட்டது. முடியில்லாத முகம் அதற்குப் பிடிபடவில்லை. அந்தப் பெண் தெலுங்கில் ஏதோ கொஞ்சிப் பேசினாள். குழந்தை அழுகையை நிறுத்தி உற்றுப் பார்த்தது, பிறகு தாவிக்கொண்டது.

"என்ன சொன்னாங்க?" என்று பரிமாறுபவரிடம் கேட்டேன்.

"நான்தாண்டா, உன் அம்மாதாண்டா, வேற யாரும் இல்லடான்னு சொல்லுச்சு சார்" என்றார்.

ஆடுகளுக்கு மேய்ப்பனின் முகத்தைவிடக் குரல்தான் அடையாளம் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல உதாரணம் கிடைத்தது என்று மனத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அடுத்த நிமிடமே, ரூபியின் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். உடனே காதுக்கு வரவில்லை. பெசரட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவினேன்.

பஸ் நிலையத்தில் பலகையெல்லாம் தெலுங்கு. ஜிலேபி ஜிலேபியாக எழுத்து, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நகரியில் தமிழர்கள்தான் அதிகம், நெசவுக்காரர்கள், இது எனக்குத் தெரியும். ஒரு கூட்டம் தமிழில் சத்தமாகப் பேசிக்கொண்டு ஒரு பஸ்ஸில் ஏறியது. தமிழ் பேசினால் நகரிக்காரர்கள் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டு, கருப்பட்டிப் பையையும் பனங்கிழங்குக் கட்டையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறிவிட்டேன். சந்திரகிரி தாண்டியபின் பக்கத்தில் இருந்தவரிடம், "நகரி எப்ப வரும்?" என்றேன்.

அவர் என்னையும் பனங்கிழங்கையும் மாறி மாறிப் பார்த்தார். "நகரியா? இது சித்தூர் போறது சார். நகரிக்குப் புத்தூர் வண்டி ஏறணும். இப்போ எறங்கினா நடுரோட்ல நின்னுக்கினு இருப்பீங்க. பேசாம சித்தூர் வந்து, சோறு துன்னுட்டு, அங்கேர்ந்து போங்க."

தமிழ் பேசுகிறவர்கள் சித்தூரிலும் இருப்பார்கள் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை. கிருபாவுக்குப் போன் செய்தேன். "அய்யோ அப்பா!" என்று சிரித்தாள். சிரிப்பு மட்டும் மாறவில்லை.

வழியெல்லாம் மாந்தோப்பு. பூ முடிந்து பிஞ்சு பிடித்திருந்தது. எங்கள் பக்கம் பங்குனி என்றால் பனைதான், பாளை சீவ ஆரம்பித்துவிடுவார்கள். இங்கே எங்கு பார்த்தாலும் மா. மரத்தடிகளில் கோலிக்குண்டு அளவுப் பிஞ்சுகள் கொட்டிக் கிடந்தன. உரக்கடைக்காரனுக்கு அதைப் பார்த்தால் மனசு கேட்காது. "இவ்வளவு உதிருதே, மருந்து அடிக்கலையா?" என்றேன். பக்கத்தில் இருந்தவர் பலமனேர் போகிறவர், குத்தகைக்குத் தோப்பு எடுத்திருக்கிறாராம்.

"அடிச்சாலும் உதிரும் சார். பூத்ததெல்லாம் காய்ச்சா மரம் தாங்காது. நிக்கிறது நின்னா போதும். அதுக்கே தேவுடுவைக் கும்பிட்டுக்கினு கீறோம்."

வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு ஒரு பிரசங்கம் கிடைத்திருக்கும்: தோட்டக்காரர் கிளையைக் கழிப்பது கனிக்காக, அப்படி இப்படி என்று. அன்றைக்கு வாய் வரவில்லை. கிருபாவுக்கு முன்னால் எங்களுக்கு இரண்டு உதிர்ந்தன. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்து, எல்லாம் நன்மைக்கே என்று எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். ரூபி காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு அடுக்களையில் போய் அழுவாள். மூன்றாவதாக நின்ற பிள்ளைக்குத்தான் கிருபா என்று பெயர் வைத்தோம். பஸ் ஜன்னலோரம் அந்தப் பிஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே, இவள் வயிற்றுப் பிள்ளை நல்லபடியாக வரட்டும் ஆண்டவரே என்று மட்டும் சொல்லிக்கொண்டேன்.

சித்தூரில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு சின்ன ஓட்டலில் ராகி சங்கட்டி போட்டார்கள். நம்முடைய களிதான், ஆனால் உள்ளே சோற்றுப் பருக்கை இருந்தது. அதோடு கோழிக்குழம்பு ஊற்ற வந்தவரைக் கைகாட்டி நிறுத்தினேன். லெந்து நாட்கள். சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை நான் கவிச்சி தொடுவதில்லை. வேர்க்கடலைச் சட்னியும் கீரைப் பருப்பும் போதும் என்றேன். "சாமிக்கு மாலையா சார்?" என்றார். "ஆமா, ஒரு மாதிரி" என்றேன். சங்கட்டியை மெல்லாமல் விழுங்க வேண்டுமாம். நான் மென்று பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டு தவித்தேன்.

கார்வேட்டிநகரம், புத்தூர் என்று சுற்றி நகரி போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. தெருவுக்குள் நுழைந்ததும் விசைத்தறிச் சத்தம். பேசுவதானால் கத்தித்தான் பேச வேண்டும். வாசலிலேயே சம்பந்தி துரைசாமி நின்றுகொண்டிருந்தார். "வாங்க சம்மந்தி! இன்னா, ஊரெல்லாம் சுத்திப் பாத்துக்கினு வர்றீங்களாமே!" என்றார். அவர் பின்னால் கிருபா.

வயிறு நன்றாகத் தெரிந்தது. முகம் ரூபியின் முகம். கல்யாணத்துக்கு முன் இவ்வளவு ஜாடை இருந்ததா என்று தெரியவில்லை. "என்னப்பா இப்படி மெலிஞ்சு போயிட்டிய? யாரும் ஒழுங்கா சமைச்சுப் போடலியோ?" என்றாள் எங்கள் ஊர்ப் பேச்சில். உடனே திரும்பி மாமியாரிடம், "அத்தை, அப்பாக்கு வெந்நி வெச்சிக்கினு இருக்கேன், காப்பி மட்டும் கலந்துடுங்க" என்றாள் அவர்கள் பேச்சில். அவளும் மாப்பிள்ளை குமரேசனும் ஸ்ரீ சிட்டியில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள், அங்கேதான் பார்த்துக்கொண்டார்கள். இப்போது அவன் மட்டும் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் போகிறான். பனங்கிழங்கை உரித்து, அவள் நாரை இழுத்து இழுத்துத் தின்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு வந்த வேலை முடிந்துவிட்டதுபோல நிம்மதி.

மறுநாள் மத்தியானம் பெரிய கூத்து. எனக்கும் துரைசாமிக்கும் இலை போட்டார்கள். பின்கட்டு வழியாகப் பக்கத்து வீட்டம்மாள் ஒரு பாத்திரத்தைத் துணி மூடிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். கிருபா அதைத் திறந்தாள். நாட்டுக்கோழிக் குழம்பு. "உங்களுக்குன்னே சொல்லிச் செஞ்சதுப்பா" என்று, இரண்டு கரண்டி நிறைய என் இலையில் ஊற்றினாள். முகமெல்லாம் சிரிப்பு.

நான் இலையைப் பார்த்தேன். சின்னப் பிள்ளையில் லெந்து வந்தால் எங்கள் வீட்டில் நாள் எண்ணுகிறவளே அவள்தான். மிட்டாய் சாப்பிட மாட்டேன் என்று தீர்மானம் எடுப்பாள். நான் மறந்து கருவாடு வாங்கிவந்தால் சண்டைக்கு வருவாள். அவள் மறந்துவிட்டாள். உபவாசிக்கிறவன் அதை முகத்தில் காட்டிக்கொண்டு திரியக் கூடாது என்று படித்திருக்கிறேன். அதனால் பிசைந்து சாப்பிட்டேன். ருசி நன்றாகத்தான் இருந்தது. கோழி சாப்பிட்டது பெரிதில்லை. என் பிள்ளையின் வருஷத்தில் இப்போது லெந்து இல்லை, அதுதான் உறுத்தியது.

எதிர் இலையில் துரைசாமி வெறும் ரசஞ்சோறு பிசைந்துகொண்டிருந்தார். "நீங்க கோழி எடுத்துக்கலியா?" என்றேன். "வயிறு ஒருமாதிரி கீது" என்று இழுத்தார். அப்போதுதான் அவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கண்ணில் பட்டது.

கை கழுவும் இடத்தில் சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கிருபா திடீரென்று நிறுத்தினாள். "அப்பா! லெந்து!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. "ஏம்ப்பா சொல்லல?"

"நீ ஆசையா வச்சே."

"இங்க நாளெல்லாம் வேற மாதிரி போவுதுப்பா. உகாதி, உத்திரம், இவருக்கு ஷிப்ட்டு... எது எப்ப வருதுன்னே எனக்குத் தெரியல."

சத்தம் கேட்டுத் துரைசாமி வந்தார். விவரம் புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் பங்குனி உத்திரத்துக்குத் திருத்தணி முருகனுக்குக் காவடி எடுக்கக் கயிறு கட்டியிருக்கிறாராம். வீட்டு அடுப்பில் கவிச்சி ஏறாது. ஆனால் கிறிஸ்துவக்காரர் வந்திருக்கிறார், கறி போடாமல் அனுப்பினால் மரியாதை இல்லை என்று பக்கத்து வீட்டில் கொடுத்துச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். "நீங்களும் வெரதம், நானும் வெரதம். நடுவுல அந்தக் கோழிதான் பாவம் சம்மந்தி!" என்றார். அதற்குமேல் என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்று மாலை இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பாலும் வாழைப்பழமும் சாப்பிட்டோம்.

மூன்றாம் நாள் வளைகாப்பு. கூடம் முழுக்கப் பெண்கள். தறிகளை அன்றைக்கு நிறுத்திவிட்டார்கள். சத்தம் நின்றதும் தெருவே ஏதோபோல் இருந்தது. ஆண்களோடு வெளியே நின்ற என்னைச் சம்பந்தியம்மாள் வள்ளியம்மா கூப்பிட்டார்.

"பொண்ணு வூட்டுக் கைதான் மொதல்ல போடணும். வாங்கண்ணா."

"நானா? ஆம்பிள போடலாமா?"

"அம்மா இல்லன்னா இன்னா, அப்பா இருக்கறாரு இல்ல? வெக்கப்படாத வாங்க."

பெண்கள் சிரித்தார்கள். உரமூட்டை தூக்கின கை, கண்ணாடி வளையல் பிடித்துப் பழக்கமில்லை. உடைந்தால் என்ன நினைப்பார்களோ என்று பயம். கிருபாவின் கை வீங்கியிருந்தது. வளையல் விரல் முட்டியில் மாட்டிக்கொண்டது.

"கட்டைவிரல மடக்கிக்கிடுதேன், நீங்க மெதுவாத் தள்ளுங்கப்பா" என்று என் காதருகே சொன்னாள். தள்ளினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ரூபி நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்கிறேன் என்ற எண்ணம் வந்தது. அவள் இருந்திருந்தால் இந்நேரம் பாதிப் பேரை அதட்டியிருப்பாள். பெண்கள் பாட்டு எடுத்தார்கள், எனக்குப் பாதி தெலுங்காகக் கேட்டது. நான் வாசலுக்கு வந்து மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

கூட்டம் கலைந்தபின் அவள் அறைக்குப் போனேன். திருப்பதியில் மாலை ரயில். "பெட்டி எங்கம்மா?" என்றேன்.

"உக்காருங்கப்பா" என்றாள். உட்கார்ந்தேன். "நான் வரல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் கோபக்காரன்தான். "யார் போகக் கூடாதுன்னு சொன்னது? சம்பந்தியா? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா?" என்று எழுந்துவிட்டேன்.

"அவங்க ஒண்ணும் சொல்லல. அத்தை நேத்தே புடவையெல்லாம் மடிச்சு வச்சாங்க. நான்தான் திருப்பி எடுத்து வச்சேன்." வளையல்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே பேசினாள். "நம்ம வீட்டு அறையில நான் படுத்திருப்பேன். வலி வரும். அம்மான்னுதான கத்துவேன்? கத்தினா அடுக்களையில இருந்து யாரும் வர மாட்டாங்கல்லாப்பா. என்னால அத நினைக்கவே முடியல."

வெள்ளையடித்த அறை ஞாபகம் வந்தது. அவள் வந்தால் என் தனிமை தீரும் என்று கணக்குப் போட்டேனே தவிர, அங்கே வந்து அவள் எதைப் பார்ப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை.

"நான் இருக்கேனேம்மா" என்றேன்.

"நீங்க இருக்கிய. அதான் நீங்க இங்க வாங்கன்னு சொல்லுதேன். அம்மா கிண்டுற பேறுகால மருந்து இங்க யாருக்கும் தெரியாது. அத்தை செய்யறது வேற. எனக்கு அதுதான் வேணும். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். சுக்கு, மிளகு, திப்பிலி, பூண்டு, கருப்பட்டி, நல்லெண்ணெய். உங்கம்மா அளவு சொல்லுவா. கிண்டினது பூரா நான்தான்."

"அப்ப என்ன? சித்திரை கடைசில வந்துருங்க."

கடையை யார் பார்ப்பது, சம்பந்தி வீட்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று எனக்குள் ஓடியது. அவள் தலையைத் தடவிவிட்டு எழுந்தேன். வள்ளியம்மா வழியில் சாப்பிட எலுமிச்சைச் சோறும் புளிச்சோறும் கட்டிக் கொடுத்தார். இரண்டு பேருக்குக் கட்டியிருந்தார். அவருக்கும் விஷயம் அப்போதுதான் தெரிந்திருக்கிறது.

ரயிலில் கிருபாவுக்காக எடுத்த கீழ்ப்படுக்கை காலியாக இருந்தது. மொட்டைத் தலையோடு வந்த ஒரு அம்மாள், "இந்த எடத்துக்கு ஆள் வராங்களா?" என்று கேட்டார். "வரல, நீங்க படுத்துக்கிடுங்க" என்றேன். சொல்லி முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது. அந்த அம்மாள் பாவம், தன்னால்தானோ என்று பதறிப்போனார். புளிச்சோற்றில் பாதியை அவருக்குக் கொடுத்துச் சமாளித்தேன்.

வீட்டை விட்டுப் போன மகன் திரும்பி வரும் கதையை எத்தனையோ வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். தகப்பன் வாசலில் நின்று வழியையே பார்த்துக்கொண்டிருந்ததை நன்றாக இழுத்துச் சொல்வேன். ரூபி போனபின் நானும் அப்படித்தான் நின்றேன், அதில் ஒரு பெருமையும் இருந்தது. ஆனால் அந்தக் கதையில் தகப்பன் கடைசிவரை நிற்கவில்லை. வயதான காலத்தில், ஊர் பார்க்க, எழுந்து ஓடுகிறான். அந்த இடத்தை நான் அவசரமாகத் தாண்டிவிடுவேன். இத்தனைக்கும் என் மகள் எங்கேயும் வழிதவறிப் போகவில்லை. தன் வீட்டில் இருந்துகொண்டு என்னைக் கூப்பிடுகிறாள். என் கடையில் ஒத்தாசைக்கு இருக்கும் பையனின் அப்பாவுக்குப் போன் போட்டு, சித்திரை கடைசியிலிருந்து கடையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

வண்டி புத்தூர் தாண்டும்போது கிருபா போன் செய்தாள். "அப்பா, சாப்பிட்டியளா? ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். வரும்போது அம்மாவோட வெண்கல உருளியக் கொண்டு வாங்க. இங்க எல்லாம் குக்கர்தான். அதுல கிண்டினாதான் அந்த ருசி வரும்."

"சரிம்மா" என்றேன். அது பாரமான உருளி. இரண்டு பக்கமும் காது. அடுப்பிலிருந்து இறக்கும்போது ஒரு காதை நான் பிடிப்பேன், ஒன்றை ரூபி பிடிப்பாள். நான் அதை ஒரு நாளும் தனியாகத் தூக்கியதில்லை.